டெல்டாவின் மலர் கண்காட்சி தை மாதத்தில் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மலர் கண்காட்சிகளுக்குப் போகிறார்கள். திரும்பும்போது இரண்டு மூன்று செடிகளாவது கூடவே வரும். ஃபூஷியா, ஹைட்ரேஞ்சியா, சைக்ளமென், கிழங்கு பெகோனியா என்று மலையில் கண்ணைப் பறித்தவை. ஆடி பிறப்பதற்குள் அவற்றில் பெரும்பாலானவை கருகிப் போகின்றன. "நம்ம கைராசி அவ்வளவுதான்" என்று வாங்கியவர்கள் மனம் சோர்ந்து, அடுத்த ஆண்டு தொட்டியையே கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கண்காட்சியில் எதைப் பார்ப்பது, எதை வாங்குவது என்று டெல்டாக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை. அதை இயன்றவரை இங்கே எழுதுகிறோம். கூடவே ஒரு கோரிக்கையும் உண்டு.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100, ஏற்காடு 1,500. தஞ்சாவூர் 100 மீட்டரைக்கூட எட்டாது. நாகையும் வேதாரண்யமும் கடல்மட்டத்தை ஒட்டியவை. மலைச்செடியைக் கொல்வது நம் பகல் வெயில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பகலைவிட மோசமானது இரவுச் சூடு. பகலில் இலை சேர்த்த சத்தில் ஒரு பங்கை இரவில் மூச்சுவிடவே செடி செலவழிக்கிறது. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாக அந்தச் செலவு ஏறும். அக்னி நட்சத்திரக் காலத்தில் நம் ஊரில் விடியற்காலையிலும் வெப்பம் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர்ந்த இரவுக்குப் பழகிய செடி சேர்த்ததையெல்லாம் இரவிலேயே தீர்த்துவிட்டு, நாளுக்கு நாள் மெலிகிறது. பசுமை வலை கட்டினால் வெளிச்சம் குறையுமே தவிர இரவு குளிராது. வாடுகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். லாவெண்டரும் ஜெர்பராவும் நம் வீடுகளில் சாவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதனால் மலைக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் உருவாகத் தொடங்கியது. அங்கே 1896-லிருந்து மலர் கண்காட்சி நடக்கிறது. இத்தனை கால அனுபவம் உள்ள தோட்டக்காரர்களின் வேலையைக் கிட்ட நின்று பார்ப்பதே ஒரு பாடம். டேப், குறிப்பேடு, செல்போன் மூன்றும் கையில் இருக்கட்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்திருக்கிறது, முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். கண்காட்சியின் முதல் இரண்டு நாளில், வாரநாள் காலையில் போனால் பூவும் வாடியிருக்காது, பாத்தியருகே நின்று அளக்கவும் இடம் கிடைக்கும்.

நுழைந்ததும் கூட்டம் மொய்ப்பது கார்னேஷனாலும் ரோஜாவாலும் செய்த பெரிய உருவங்களைத்தான். அவை பறித்த பூவை நுரைக்கட்டியில் குத்திச் செய்தவை. சில நாளில் பிரித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் காட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துக்கான யோசனை அங்கே கிடைக்காது. பாத்திகளிடமும் படிப்படியாகத் தொட்டி அடுக்கிய மாடங்களிடமும் போய் நில்லுங்கள்.

பாத்தியில் முதலில் அகலத்தை அளக்க வேண்டும். ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கிற பாத்தியில் பின்வரிசையின் உயரம், பாத்தி அகலத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். நம் வீடுகளில் இரண்டடிப் பாத்தியில் ஐந்தடிச் செம்பருத்தியை நட்டு, முன்னால் இருப்பதெல்லாம் நிழலில் நெட்டையாகிச் சாய்வதைப் பார்க்கிறோம். களையெடுக்கக் கை எட்ட வேண்டும் என்பதும் ஒரு கணக்கு. ஒரு பக்கமிருந்து எட்டுவது இரண்டடிதான். இருபுறமும் நடைபாதை உள்ள பாத்தி நாலடிக்கு மேல் போனால் நடுவில் மிதித்துத்தான் வேலை செய்ய வேண்டும். களிமண்ணை ஈரத்தில் ஒருமுறை மிதித்தால் அது இறுகிக் கல்லாகிவிடும்.

அடுத்து, ஒரே வகையை எத்தனை செடி சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நம் மாடிகளில் இருபது தொட்டி இருந்தால் இருபது வகை இருக்கும், எதுவும் எடுபடாது. மலையில் ஒரே நிறத்தில் முப்பது, நாற்பது தொட்டி, பக்கத்தில் இலைக்காக மட்டும் ஒரு வகை, மறுபடி அதே நிறம் என்று வைத்திருப்பார்கள். இருபது தொட்டியில் நித்தியகல்யாணி பன்னிரண்டு, கோலியஸ் எட்டு என்று வைத்தாலே திண்ணையும் மாடிப்படியும் வேறு மாதிரி இருக்கும்.

ஒன்றை மட்டும் அங்கிருந்து அப்படியே எடுத்துவரக் கூடாது: இடைவெளி. கண்காட்சியில் விளிம்போடு விளிம்பு இடிக்கத் தொட்டிகளை வைப்பது சில நாள் அழகுக்காக. பூத்த பிறகு கொண்டுவந்து வைத்தவை அவை. அங்கே வளர்ந்தவை அல்ல. அதே நெருக்கத்தில் நம் ஊரில் நட்டால் மார்கழிப் பனியில் காற்றோட்டம் இல்லாமல் சாம்பல் நோயும் இலைப்புள்ளியும் வரும். நித்தியகல்யாணிக்கு ஓரடி, கோழிக்கொண்டைக்கும் ஜினியாவுக்கும் ஓரடி, செண்டுமல்லிக்கு ஒன்றரையடி, குட்டை இட்லிப்பூவுக்கும் ஒன்றரையடி விட வேண்டும். நட்ட முதல் மாதம் வெறிச்சோடித்தான் தெரியும். அந்த இடத்தை வைக்கோலால் மூடி வையுங்கள், களையும் முளைக்காது.

பிடித்த செடியைப் படமெடுக்கும்போது பெயர்ப்பலகையையும் சேர்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்து, அந்த நிறத்துக்கும் உயரத்துக்கும் டெல்டா வெப்பத்தைத் தாங்கும் செடி எது என்று தேடலாம். சில மாற்றுகளை நாங்களே சொல்கிறோம். டெல்ஃபினியத்தின் ஊதாக் கதிர்கள் பிடித்ததா? ஏஞ்சலோனியா வையுங்கள். அதே நிமிர்ந்த கதிர், சித்திரை வெயிலிலும் பூக்கும். லாவெண்டர் ஆசைக்கும் அதுவே மருந்து. பான்சியின் முகம் போன்ற பூவுக்கு டொரினியா. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் போதும். அசேலியாவின் பூக்குவியலுக்குக் குட்டை இட்லிப்பூவும் தொட்டியில் கவாத்து செய்த காகிதப்பூவும் உண்டு. ஜெரேனியம் வைத்த ஜன்னல் பெட்டிக்கு நித்தியகல்யாணியும் பென்டாஸும். ஹைட்ரேஞ்சியாவின் நீலப் பந்துக்கு நேரான மாற்று நம்மிடம் இல்லை. ஊட்டியின் கிக்கியூ புல்தரைக்குப் பதில் அருகம்புல்லோ கொரியன் புல்லோ போடலாம். மரநிழல் விழும் இடத்தில் இரண்டும் மெலியும். அங்கே அகல இலை எருமைப்புல்தான் நிற்கும்.

செடி வாங்கத்தான் போகிறோம் என்றால் மே மாத மலையைவிட, பெங்களூரு லால்பாக்கில் குடியரசு தினத்தை ஒட்டி நடக்கும் கண்காட்சி மேல். சென்னை செம்மொழிப் பூங்காவில் 2024 பிப்ரவரியிலும் 2025 ஜனவரியிலும் நடந்தது போன்றவை அதைவிட மேல். அந்தப் பருவத்தில் வாங்கும் செடிக்கு நம் கோடை தொடங்கும் முன் வேரூன்ற எட்டு, பத்து வாரம் கிடைக்கும்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். செடி எங்கே வளர்ந்தது? குச்சி நட்டதா, ஒட்டா, விதையா? பூ இல்லாத மாதத்தில் எப்படி இருக்கும்? ஓசூர், பெங்களூரு பசுமைக்குடிலில் தேங்காய் நார்த்தூளில் வளர்ந்தது என்றால் வெயிலுக்கு மெல்லப் பழக்க வேண்டும். ராஜமகேந்திரவரம் பக்கத்திலுள்ள கடியத்திலிருந்து வந்தது என்றால் கொஞ்சம் நிம்மதி. அதுவும் கோதாவரி டெல்டா, நம்மைப் போலவே சூடும் வண்டலும் உள்ள இடம். ஆனால் கடியம் செடிகள் பலவும் இறுகிய களிக்கட்டியோடு வரும். அந்தக் கட்டியை உடைத்தால் வேர் அறுந்துவிடும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வெளிமண்ணை விரலால் கரைத்துவிட்டு நட வேண்டும்.

செடியைத் தொட்டியோடு தூக்கி அடியைப் பாருங்கள். துளை வழியே வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. பழுப்பு வேர் வட்டமாகச் சுற்றிப் பின்னியிருந்தால் நாள்பட்ட சரக்கு. பூ நிறைந்ததைவிட மொட்டும் கிளையும் நிறைந்ததே வாங்கத் தக்கது. ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்து எதுவும் இருக்கக் கூடாது. நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். புதைத்தால் அடிச்செடி தழைத்து மேலே ஒட்டிய ரகம் செத்துவிடும். கீழிருந்து புதுப் போத்து வந்தால் கத்தரியால் வெட்டினால் பத்தாது. மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்தோடு கிழித்தெடுக்க வேண்டும்.

சாமந்தித் தொட்டி மே மாதத்தில் பூத்துக் குலுங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாமந்தி, பகல் குறுகும்போது பூக்கும் செடி. கோடையில் பூக்க வைக்க மாலையிலிருந்து காலைவரை கறுப்புத் துணியால் மூடிப் பகலைக் குறைக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் அடுத்த பூ கார்த்திகைக்கு மேல்தான். பாயின்செட்டியாவுக்கும் இதே கணக்கு. தெருவிளக்கு வெளிச்சம் படும் மாடியில் வைத்தால் இரண்டுமே ஒழுங்காகப் பூக்காது. நீல ரோஜா விதை, ஏழு நிற ரோஜா விதை என்று படம் அச்சிட்ட பொட்டலங்களை வாங்கவே வாங்காதீர்கள். ரோஜா ரகங்கள் விதையில் தாயைப் போல வருவதில்லை; அப்படியொரு நிறம் விதையில் வர வழியே இல்லை.

வாங்கிய செடியைப் பேருந்தின் அடிப்பெட்டியில் போடக் கூடாது. அந்தச் சூட்டில் சில மணி நேரத்தில் இலை வெந்துவிடும். கிளம்பும் முன் வேர்ப்பகுதியை நனைத்து, பையின் வாயைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, இலைப்பகுதியைச் செய்தித்தாளால் தளர்வாகச் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய செடிகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். பாதிப் பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனால் கிள்ளாவிட்டால் வேருக்குப் போக வேண்டிய சத்து பூவுக்குப் போகும்.

தனியே வைப்பதைச் சடங்காக நினைக்க வேண்டாம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் முதலில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவியது. சுருள் வெள்ளை ஈ 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் தெரிந்தது. வாழை, கல்வாழை, ஹெலிகோனியாவிலும் அது வாழும். இப்படிப்பட்ட பூச்சிகள் ஊர் விட்டு ஊர் போவது இலையடியில் ஒட்டிக்கொண்டுதான். 2018 நவம்பர் 16-ல் கஜா புயலில் தென்னையை இழந்து மறுபடி நட்டிருக்கும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் வட்டாரத்து வீடுகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மாவோ சுருள் கோலமோ தெரிந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சிறிது காதி சோப் சேர்த்து, மாலையில் இலையடி நனையத் தெளித்து, வாரம் கழித்து மறுபடி தெளியுங்கள்.

இனி நடவு. டெல்டாவில் செடி சாவதற்குப் பாதிக் காரணம் குழிதான். களிமண்ணில் குழி வெட்டி, அதில் மணலும் எருவும் மட்டும் நிரப்பி நட்டால் அந்தக் குழி கிணறாகிவிடுகிறது. சுற்றிலும் களி; மழைநீர் தளர்ந்த குழிக்குள் இறங்கி வெளியே போக வழியில்லாமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரத்தில் வேர் அழுகும். நடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஓரடிக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அங்கே குழி நடவு கூடாது. தரைக்கு மேல் ஓரடி உயர மேட்டுப்பாத்தி போட்டு, தோண்டிய அதே மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மட்கிய எருவும் கருக்கிய உமியும் கலந்து நடுங்கள். மேட்டைச் சுற்றி வாய்க்கால் விட்டு, அது தெருப்பக்கமோ தோட்டத்தின் தாழ்ந்த மூலைக்கோ ஓடட்டும்.

கருக்கிய உமி நம் பகுதிக்கு வாய்த்த வரம். நெல் அரைக்கும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. சாம்பலாகாமல் கரியாகும் அளவுக்குக் கருக்கி, தண்ணீர் தெளித்து அணைத்து, ஒரு மழைக்கோ இரண்டு முறை அலசியோ பயன்படுத்த வேண்டும். பச்சை உமியை அப்படியே கலந்தால் அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொண்டு செடி வெளுக்கும். தொட்டிக்கு வல்லம் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, பத்தங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். கனகாம்பரத்துக்கு அந்தப் புண்ணாக்கு கட்டாயம்; நூற்புழு தாக்கினால் வேரில் முடிச்சு விழுந்து செடி குன்றிப்போகும். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் சேர்ப்பவர்கள் நன்றாக அலசிச் சேர்க்க வேண்டும். அதிலுள்ள கல்தூள் மண்ணின் துவாரத்தை அடைத்துவிடும்.

நார்த்தூளில் வளர்ந்த செடியை நேராகக் களியில் நடுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. நார்த்தூள் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை எளிதில் ஏற்காது. சுற்றியுள்ள மண் சேறாக இருக்க, வேர்ப்பந்து மட்டும் உள்ளே வறண்டு கிடக்கும். மேலே பார்த்தால் ஈரம், செடியோ வாடும். நடும் முன் வேர்ப்பந்தைக் குமிழி நிற்கும்வரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, வெளிப்புறத்து நார்த்தூளில் மூன்றில் ஒரு பங்கை உதிர்த்துவிட்டு, வேர் நுனிகள் புது மண்ணைத் தொடும்படி நடுங்கள்.

கடலோரத்தில் நாகை, வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் போர் தண்ணீரின் உப்புதான் முதல் எதிரி. தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பளவை இ.சி. என்ற எண்ணால் குறிப்பார்கள். மீட்டருக்கு 0.75 டெசிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் அநேகமாக எதையும் வளர்க்கலாம், 2.25-ஐத் தாண்டினால் ரோஜாவை மறந்துவிட்டு அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, புன்னை என்று போக வேண்டும். உப்பு நீரைத் தினமும் கொஞ்சமாக ஊற்றுவது கெடுதல். தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே படியும். ஒருநாள் விட்டு ஒருநாள், துளை வழியே வழியும்வரை ஊற்றினால் உப்பு அலசிப் போகும். இட்லிப்பூவில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் (ஃபெரஸ் சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும்.

களியைச் சாபமாக நினைக்கும் வீட்டுக்காரர்கள் ஒருமுறை அல்லிக்கும் தாமரைக்கும் தொட்டி வைத்துப் பார்க்க வேண்டும். மலைவாசிகள் விலை கொடுத்தாலும் கிடைக்காத மண் நம் காலடியில் கிடக்கிறது. இரண்டடி அகலமுள்ள துளையில்லாத தொட்டியில் அரையடிக்கு வயல் களி போட்டு, தாமரைக் கிழங்கைப் படுக்கவைத்து, முளைநுனி மட்டும் மண்ணுக்கு மேலே தெரியும்படி புதைக்கவும். நுனி உடைந்தால் அந்தக் கிழங்கு பயனில்லை. முதலில் இரண்டங்குலத் தண்ணீர். மிதக்கும் இலைகள் விரிய விரிய முக்கால் அடிவரை ஏற்றலாம். ஆறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் இலை மட்டும்தான் வரும். பச்சை எரு போட்டால் தண்ணீர் நாறும். எலும்புத்தூளைத் தாளில் மடித்து மண்ணுக்குள் திணிக்க வேண்டும். கொசுவுக்கு நாலைந்து கப்பி மீன் போதும்.

டெல்டாக்காரர்கள் யோசனைக்காக வெகுதூரம் போகத் தேவையுமில்லை. ஸ்ரீரங்கம் மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே நம் தட்பவெப்பத்திலேயே இருக்கிறது. அங்கே எந்தப் பூவில் எந்த வண்ணத்துப்பூச்சி இறங்குகிறது என்று அரை மணி நேரம் கவனித்தால் வீட்டுக்கு எதை நடலாம் என்று தெரிந்துவிடும். தேனுக்குப் பென்டாஸ், இட்லிப்பூ; முட்டையிட எலுமிச்சை, கறிவேப்பிலை, எருக்கு, ஆடுதீண்டாப்பாளை. கோயில் நந்தவனங்களையும் பாருங்கள். திருக்கருகாவூருக்கு முல்லை, திருவிடைமருதூருக்கு மருதம் என்று தலமரமாகவே கொண்டாடிய மண் இது. நந்தியாவட்டை, பவளமல்லி, மனோரஞ்சிதம், மகிழம், செண்பகம் எல்லாம் நம் வெள்ளத்தையும் கோடையையும் தலைமுறைகளாகப் பார்த்தவை. நர்சரிகளில் இவற்றைக் கேட்பார் குறைந்ததால் வைப்பாரும் குறைந்துவிட்டார்கள்.

இதனால்தான் எங்கள் கோரிக்கை. தோட்டக்கலைத் துறையும் டெல்டா மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து ஆண்டுதோறும் தை மாதக் கடைசியில் இங்கேயே ஒரு மலர் கண்காட்சி நடத்த வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று ஆண்டுக்கு ஓர் ஊராகச் சுற்றி வரலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும் அந்த ஆறேழு வாரம்தான் டெல்டாவின் பூக்காலம். திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு வெளியூர்க்காரர்கள் வரும் பருவமும் அதுதான்.

மலைக் கண்காட்சியின் நகலாக இருந்தால் இதில் பயனில்லை. பூ உருவங்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் களிமண் பாத்தி ஒன்று, படுகை மண் பாத்தி ஒன்று, உப்பு நீர் பாய்ச்சி வளர்த்த பாத்தி ஒன்று என்று மூன்றை உண்மையாகவே வளர்த்துக் காட்டட்டும். ஒவ்வொரு பலகையிலும் தமிழ்ப்பெயர், தாவரவியல் பெயர், விதைத்த தேதி, இடைவெளி, கோடையில் என்ன ஆகும் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். விற்பனை அரங்கில் வைக்கும் பல்லாண்டுச் செடி எதுவானாலும் குறைந்தது ஒரு சித்திரையை டெல்டாவில் கடந்ததாக இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களின் வல்லுநர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஒரு மேசையில் உட்கார்ந்து, மக்கள் கொண்டுவரும் நோயுற்ற இலைகளைப் பார்த்துச் சொன்னால் அந்த ஒரு மேசைக்கே கூட்டம் வரும். கவாத்து செய்முறையும் அவசியம். குண்டுமல்லியைக் கார்த்திகையில் தரையிலிருந்து ஒன்றரையடி விட்டு வெட்டியிருப்பார்கள். தையில் அதில் பூ இருக்காது, ஆனால் எங்கே வெட்டினார்கள், எங்கே துளிர்க்கிறது என்று காட்டலாம். முல்லைக்குக் கவாத்தே தை மாதத்தில்தான். மேடையிலேயே செய்து காட்டலாம். தாமரை அப்போது உறக்கத்தில் இருக்கும், அல்லி பூக்கும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் கண்காட்சி என்று வைத்தால் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். பெட்டூனியா, டயாந்தஸ், வெர்பினா விதையிலிருந்து பூவுக்கு ஏறத்தாழ 90 நாள் எடுக்கும். நவம்பர் முதல் வாரம், அதாவது ஐப்பசி மூன்றாம் வாரத்தில் விதை விழ வேண்டும். செண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, கோழிக்கொண்டைக்கும் ஜினியாவுக்கும் டிசம்பர் முதல் வாரம். சாமந்தி குச்சிகளை ஆனி, ஆடியிலேயே நட்டு நான்காம் வாரம் நுனி கிள்ளியிருக்க வேண்டும். பெட்டூனியா விதைப்பது அடைமழைக்கு நடுவே என்பதால் பசுமை வலை மட்டும் போதாது. மழைத்துளி வலையைத் தாண்டி விழுந்து தூசி போன்ற அந்த விதையை அடித்துக்கொண்டு போய்விடும். பக்கங்கள் திறந்த பாலித்தீன் கூரை, இடுப்புயர மேசை, குழித்தட்டுகள் வேண்டும். நாற்றழுகல் வராமலிருக்க நார்த்தூளில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து, தட்டைத் தண்ணீரில் வைத்துக் கீழிருந்து ஈரம் ஏறவிட வேண்டும். இந்தக் கூரைகளுக்கும் தட்டுகளுக்கும் ஒப்பந்தம் முடிந்து பொருள் வந்து சேர இரண்டு மாதமாவது ஆகும். ஆகவே எந்த ஊர், எந்த இடம், எவ்வளவு நிதி என்ற முடிவு ஆவணி பிறப்பதற்குள் வந்தாக வேண்டும். சாமந்திக்கு மட்டும் அதற்கு முன்பே, இந்த ஆனியிலேயே, ஏதேனும் ஓர் அரசு பண்ணையில் குச்சி நடத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டமும் மாடித்தோட்டமும் வைத்திருக்கும் வாசகர்கள்,
கும்பகோணம்.